வெட்டாத மோதிரம்

மார்ச் 4
என் ஆய்வுக் கட்டுரையை அறிவியல் பத்திரிகை ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் ஃபோன் அக்காவுக்கு. அம்மாவிடமிருந்து எங்கள் இருவருக்கும் வந்தது, செல்லுக்குச் சக்தி தரும் ஒரே மைட்டோகாண்ட்ரியா, அதன் டி.என்.ஏவில் ஒரே பிழை. ஆனால் அவளுக்குப் பத்துப் படி ஏறினால் கால் துவண்டுவிடும். நான் இரண்டிரண்டாகத் தாவுகிறேன். ஏன்? அவளைப் போல நோயுற்றவர்களின் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ மீது மீத்தைல் என்னும் சிறு வேதி முத்திரைகள் குவிந்து, மரபணுக்களின் வாயை அடைத்துவிடுகின்றன. என்னைப் போன்றவர்களிடம் அவை இல்லை. ஆறு வருடத்து உழைப்பு!

"அந்த முத்திரை எதனால விழுது?" என்றாள்.

"சாப்பாடு, தூக்கம், மனக்கவலை... வாழற விதம்தான்க்கா."

அதோடு பேச்சை முடித்துக்கொண்டாள்.

மார்ச் 9
அக்கா வீட்டுக்குப் போனேன். காபியை விட்டுவிட்டாளாம். "நானே தேடிக்கிட்ட நோய்தானே" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது.

மார்ச் 12
கட்டுரையின் மதிப்பீட்டாளரிடமிருந்து ஒற்றைக் கேள்வி: மோதிரத்தை முதலில் வெட்டினீர்களா?

வெட்டவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ மோதிரம் போல வளையமாக இருக்கும். முத்திரையைக் கண்டுபிடிக்க நாங்கள் சேர்க்கும் ரசாயனம் முத்திரை இல்லாத டி.என்.ஏ எழுத்தை மாற்றும், முத்திரை உள்ளதை விட்டுவிடும். முறுக்கிக் கிடக்கும் மோதிரத்துக்குள் அது நுழையவே இல்லையென்றால்? மாறாத எழுத்தெல்லாம் முத்திரை உள்ளதாகத்தானே தெரியும்.

ஆய்வகத் தலைவர், "பல பேர் வெட்டாமத்தான் பண்ணிருக்காங்க. அதைச் சொல்லிட்டு நகரும்மா" என்றார்.

மார்ச் 13
நகரத்தான் ஆசை.

மார்ச் 20
வெட்டிப் பார்த்தேன். ஒண்ணுமே இல்ல. ஒரு முத்திரைகூட இல்ல! நலமானவர்களின் மாதிரிகள் பழையவை — பலமுறை உறைந்து உருகியதில் மோதிரங்கள் தாமாகவே உடைந்திருந்தன. அக்காவைப் போன்றவர்களுடையவை புதியவை, மோதிரங்கள் முழுசாக இருந்ததால் ரசாயனம் உள்ளே நுழையவில்லை. ஆறு வருஷமா நான் அளந்தது ஃப்ரீசரைத்தானா?

தலைவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 22
கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன்.

"நான் சொன்னது தப்புக்கா. முத்திரையே இல்ல. உனக்கு ஏன் இப்படின்னு எனக்குத் தெரியல."

"அப்ப, நானா எதுவும் பண்ணிக்கலையா?"

"நீ பண்ணிக்கிட்டேன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல."

அழுதாள். நானும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைப் பக்கம் கை காட்டினாள்.

"போய் காபி போடு. தண்ணியா போட்டே, கொன்னுடுவேன்."