கேசட் பொருந்தாத கம்ப்யூட்டர்

1.6.86, ஞாயிறு

டீச்சர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அவர், எங்கள் மகள் வசந்தி, ரோஸ்மேரி டீச்சர், டீச்சரின் வீட்டுக்காரர். ஆக ஐந்து பேர். மூன்று பேர் பேசினார்கள். டீச்சரின் வீட்டுக்காரர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். நான் முறுக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி வரை பனிமூட்டம். துவைத்தது எதுவும் காயவில்லை.

எங்கள் வீட்டுக்கு எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது என்பதுதான் பேச்சு. வசந்தியின் படிப்புக்கு, கடிதம் அடிக்க, வீட்டுக் கணக்குக்கு. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் இப்போதைக்கு டீச்சர் வீட்டில் மட்டும்தான் ஒன்று இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்குக் கோலாலம்பூர்த் தம்பி கொடுத்தது. டிவியில் மாட்டுவது. கேசட் போட்டால் கீச்கீச்சென்று கத்தும், ஐந்து நிமிஷம் கழித்து எழுத்து வரும். அதைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருவர்கூட இங்கே நிற்பதில்லை.

அவர் தட்டிப் பார்த்தார். “அந்த விரல் இல்ல அண்ணே, இது” என்று டீச்சர் விரலைத் தொட்டுக் காட்டினாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா?

என் பக்கம் திரும்பி, கணக்கையெல்லாம் இனிமேல் இதுவே போட்டுக்கொள்ளும், அக்கா நோட்டோடு உட்கார வேண்டாம் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். நோட்டோடு உட்காரும் அந்த அரை மணிதான் என்னுடையது.

அவளுடையது மாதிரியே வாங்கினால் கேசட்டுகளை இரண்டு வீடும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமாம்.

அவர் சொன்னது: “நீங்க சொல்றதையே எடுத்துருவோம் டீச்சர்.”

பதினேழு வருஷம். ஒரு குடம் வாங்கினாலும் என்னைக் கேட்டவர்.

இரவு கந்தனைக் கும்பிட்டேன். மனம் நிற்கவில்லை.

3.6.86, செவ்வாய்

மழை. ரிங்லெட் கடைத்தெருவுக்குப் போகவில்லை. இஞ்சி, கற்பூரம், வசந்தியின் ரப்பர் காலணி அடுத்த வாரம்.

ஈப்போ கம்ப்யூட்டர் கடையிலிருந்து அவர் வாங்கி வைத்திருந்த இரண்டு விளம்பரத் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஆங்கில எழுத்துகளை நான் கற்றது தொழிற்சாலை வாசலில் அடுக்கிய தேயிலைப் பெட்டிகளைப் பார்த்து. அதனால் மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும்.

தெரிந்துகொண்டது:
டீச்சருடைய வகை, டிவி வேண்டும்.
மற்றது, திரை அதனுடனேயே வரும். விலை கூட.
இரண்டுக்கும் கேசட் உண்டு.

இதன் கேசட் அதில் ஓடுமா என்று வசந்தியைக் கேட்டேன். “ஓடாதும்மா. அது வேற, இது வேற” என்றாள். உடனே எழுந்து போய்ச் சாமி விளக்கேற்றினேன்.

மாலை அவரிடம் சொன்னேன். திரையோடு வருவதே நல்லது. வசந்தி படிக்கும்போது டிவியைப் பிடுங்க வேண்டாம், தமிழ்ப்படம் போடும் நாளில் வீட்டில் சண்டை வராது. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “நல்லா யோசிச்சிருக்கியே” என்றார். போய் டீச்சரையும் கேட்டு வந்தார். அவளும் சரி என்றாளாம். அப்புறம்தான் கடைக்குப் போன் செய்தார்.

டிவி ஒரு காரணமே இல்லை. கேசட் பொருந்தக்கூடாது. இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் தினம் கேசட் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடாது. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள், தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியான அவரைப் பற்றி வேலியோரம் பேசியது காதில் விழுந்தது. “கிராணிக்கு டீச்சர் வீட்ல டியூசன் லா.” “அம்மாவுக்கு?” “அம்மாவுக்குத்தான் பூசை இருக்கே.” சிரிப்பு. நான் துணிக் கொடியை இறுக்கிக் கட்டினேன், அறுந்தது.

5.6.86, வியாழன்

வந்துவிட்டது. திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றிப் போன லோரி, திரும்பும்போது காலிக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. கடைக்காரர் திங்கள் வரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அதே லோரியில் அனுப்பிவிட வேண்டும்.

வசந்தி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிரிக்கக் கத்தி எடுத்தேன். அவர் தடுத்தார். “டீச்சர் நாளைக்கு சாயங்காலம் வர்றேன்னாங்க. அவங்களே பிரிக்கட்டும். நாம தொட்டு கெடுத்துடக்கூடாது.”

நான் தேர்ந்தெடுத்த பெட்டி. என் வீட்டு மேசை. அவள் கை முதலில் படவேண்டும்.

இரவு சோறு வேண்டாம் என்றேன். ரசம் மட்டும்.

6.6.86, வெள்ளி

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விடியலில் தலை முழுகினேன். அவர் தொழிற்சாலைக்கும் வசந்தி சிநேகிதி வீட்டுக்கும் போனபின் பெட்டியைப் பிரித்தேன். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் பூசை செய்யாமல் நாங்கள் தொட மாட்டோம். தையல் மெஷினுக்குச் செய்தோம், அவர் மோட்டார் சைக்கிளுக்குச் செய்தோம். இதற்கும் செய்வதில் தவறில்லை. மனம்தான் தவறு. அவளுக்கு முன்னால் செய்துவிட வேண்டும் என்று செய்தேன்.

சந்தனம் நிறையக் கரைத்தேன். பொத்தான்களை எண்ணினேன், அறுபத்திரண்டு. அறுபத்திரண்டுக்கும் பொட்டு. நடுவில் குங்குமம். சாம்பிராணி. எலுமிச்சம்பழம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

இந்த மலையில் சந்தனம் எப்போது காய்ந்தது? சாமி படத்துக்கு வைத்ததே மறுநாள் ஈரமாக இருக்கும். எனக்குத் தெரியாததா. மத்தியானம் பார்த்தால் பொட்டெல்லாம் வழிந்து இடுக்கில் இறங்கிவிட்டது. துணியால் துடைத்தேன், இன்னும் உள்ளே போயிற்று. அமுக்கினால் பொத்தான் எழும்பவில்லை.

நாலரைக்கு அவரும் டீச்சரும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள். அவர் முகம் மாறியது. டீச்சர் குனிந்து பார்த்தாள், முகர்ந்தாள், சிரித்துவிட்டாள். “வாசமா இருக்குக்கா. எங்க வீட்ல பாதிரியார் தீர்த்தம் தெளிக்க வந்தாரு, நான்தான் ஓடிப்போய் பிளாஸ்டிக் போட்டு மூடினேன்.”

திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் தலைமுடியிலிருந்து கொண்டை ஊசியை எடுத்தாள். பஞ்சு கேட்டாள். ஒவ்வொரு பொத்தானாக நெம்பி எடுத்துத் துடைத்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து எவர்சில்வர் தட்டில் வரிசையாக வாங்கி வைத்தார். இரண்டு மணி நேரம். இரண்டு தலையும் ஒரே விளக்கடியில். எதை நடக்கவிடக் கூடாதென்று இத்தனையும் செய்தேனோ, அதை என் கையாலேயே நடத்திவிட்டேன். இரண்டு தடவை தேநீர் கொண்டுபோய் வைத்ததும் நான்தான்.

எல்லாம் வேலை செய்கிறது. ஓரங்களில் மஞ்சள் கறை மட்டும் போகவில்லை.

அவள் போனபின் அவர் ஒரே வார்த்தை கேட்டார். “ஏன் அவசரப்பட்ட?”

பூசைக்கு நல்ல நேரம் என்றேன். பொய்.

7.6.86, சனி

வெயில். கம்பளிகளை வெளியே போட்டேன்.

காலையில் அவர் பேச்சு: இதைத் திருப்பி அனுப்பிவிட்டு டீச்சர் வைத்திருப்பது மாதிரியே வாங்கலாமா என்று. ஏதாவது ஆனால் பக்கத்திலேயே தெரிந்த ஆள் இருக்கிறது. விலையும் குறைவு. அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் எரிகிறது.

அனுப்பினால் சந்தனம் பட்டதைக் கடைக்காரரிடம் சொல்லித்தான் அனுப்ப வேண்டும் என்றேன். அவரும் சரி என்றார். அது ஒன்றில் இன்னும் ஒரே மனம்.

வசந்தி கம்ப்யூட்டரில் தன் பெயரை நூறு தடவை வரவைத்தாள். திரை முழுக்க வசந்தி. என்னையும் உட்காரச் சொன்னாள். கை ஈரமாக இருக்கிறது என்றேன். “அம்மாவுக்கு டீச்சர் மேல கோவம்” என்றாள். கோபம் இல்லை. கோபம் என்றால் ஒரு நாளில் போய்விடும்.

மாலை டீச்சர் வேலியருகில் கூப்பிட்டு முள்ளங்கி கொடுத்தாள், பெர்த்தாமில் இருந்து வந்ததாம். நல்ல முள்ளங்கி. குறை சொல்ல ஒன்றும் இல்லாதவள். வாங்கிக்கொண்டேன். நாளைக்குச் சாம்பார்.

8.6.86, ஞாயிறு

மறுபடி மூட்டம். கோயிலில் கூட்டம் இல்லை. நாளைக் காலை ஏழு மணிக்கு லோரி இறங்குகிறது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. டீச்சர் வீட்டுக்கும் போகவில்லை, அங்கே எட்டிப் பார்க்கவும் இல்லை. எனக்காகத்தான் போகாமல் இருக்கிறாரோ.

நேரில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால் ஒரு தாளில் எழுதி, அவர் சட்டைப் பையில் பேனாவோடு வைத்தேன். எழுதியது இது:

“ஏங்க. டிவிக்காக இதைக் கேட்கவில்லை. கேசட் பொருந்தாது என்று தெரிந்துதான் கேட்டேன். டீச்சர் மேல் குற்றம் இல்லை. உங்கள் மேலும் இல்லை. நீங்கள் என்னைக் கேட்காமல் அவளைக் கேட்டது எனக்குத் தாங்கவில்லை. எது வாங்கினாலும் சம்மதம். அவள் வைத்திருப்பதே வேண்டும் என்றாலும் சரி. ஆனால் டீச்சரிடம் கற்றுக்கொண்டு வருவதை அன்றன்றே எனக்கும் நீங்கள் சொல்லித் தரவேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து. இதற்குச் சம்மதமா, இல்லையா? லோரி போவதற்குள் பதில் சொல்லுங்கள்.”