ரோசிரிஸின் மதிப்பெண்

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? நம் ஊர் பாஸ்தோவில் இன்னும் அதே குளிர்தானா? இந்தப் பாரான்கியா நகரத்து வெயிலில் நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். எங்கள் மருத்துவமனையில் குழந்தைகளின் கவனத்தைச் சோதிக்க இதுவரை வெளிநாட்டுப் பிள்ளைகளின் சராசரியைத்தான் அளவாக வைத்திருந்தோம். இப்போது ஸ்பானிய மொழி பேசும் நம் பிள்ளைகளைச் சோதித்து, நமக்கென்று ஓர் அளவு வகுத்துவிட்டோம். பழைய கோப்புகளை அதோடு ஒப்பிட்டபோது ரோசிரிஸ் என்ற சிறுமியின் சோதனைத் தாள் கையில் சிக்கியது. மூன்று வருடம் முன்பு, கவனக் குறைபாடு என்று எழுதி, நான்தான் அவளைத் தனி வகுப்புக்கு அனுப்பினேன். புதிய அளவின்படி அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"எம் பொண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேனே டாக்டரம்மா! நீங்க காகிதத்தத்தான நம்புனீங்க?" என்றாள் அவள் அம்மா எனில்சா.

ரோசிரிஸ் மெல்லக் கேட்டாள்: "அப்போ நான் மக்கு இல்லையா?"

"இல்லடா கண்ணு. தப்பு என்னோடது."

"அத எங்க ஸ்கூல்ல வந்து எல்லார்கிட்டயும் சொல்றீங்களா?"

நம் ஊர்க் காபித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள் அப்பா. பொட்டலத்துக்குள் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி வையுங்கள். எட்டு மணி ஆகப்போகிறது. பள்ளி வாசலில் எனக்காகக் காத்திருப்பதாக ரோசிரிஸ் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் மகள்,
யோலிமா