ஓடைச் சாமி குடித்த கஷாயம்

போடி, 2.9.2024

அன்புள்ள மாமாவுக்கு, கலா எழுதுவது.

போனில் பேசினால் மலையில் சிக்னல் இல்லை என்று கழன்றுகொள்வீர்கள். அதனால்தான் ஜீப்பு தங்கபாண்டி அண்ணனிடம் இந்தக் கடிதம். தேனி டாக்டரம்மா சொன்னதை மறக்காதீர்கள். என்னிடம் குறையில்லை, உங்கள் உயிரணுக்கள்தான் குறைவு. மூன்று மாதம் ஏலக்காய் உலர்த்தும் அறைச் சூட்டில் நிற்கக் கூடாது. பிறகு நல்லதாக ஒரே ஒரு அணு கிடைத்தாலும் ஊசியில் எடுத்து என் கருமுட்டைக்குள் வைத்துவிடுவார்கள். இதை அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் இன்னும் எனக்குத்தான் கஷாயம் காய்ச்சுகிறார்.

கலா

குரங்கணி மேல் எஸ்டேட், 21.9.2024

என் அன்புக் கலாவுக்கு,

உலர்த்தும் வேலையை விட்டுவிட்டுக் களை வெட்டுகிறேன். சூடு வெரசாகத் தணியட்டும் என்று தினமும் காலையில் ஓடைத் தண்ணீரில் உட்காருகிறேன். டாக்டரம்மா சொல்லவில்லை, என் சொந்த யோசனை. இங்கே எல்லாரும் அதைப் பிள்ளைவர விரதம் என்று நினைத்துவிட்டார்கள். நேற்று கூடக் களை வெட்டுகிற முனீஸ்வரி எலுமிச்சம்பழத்தோடு வந்து, "அண்ணே, எனக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்று கும்பிட்டாள். கையைத் தூக்கி ஆசீர்வதித்துவிட்டேன். வேறென்ன செய்ய? ஆத்தாவிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

உன் பாண்டியராஜ்

போடி, 25.9.2024

ஓடைச் சாமிக்கு,

உங்கள் புகழ் போடிவரை வந்துவிட்டது. "எம்மவன் உனக்காகத் தண்ணிக்குள்ள கெடக்கான், நீ கஷாயத்துக்கு மூஞ்சியச் சுளிக்கிற" என்று அத்தை இப்போது இரண்டு டம்ளர் கொடுக்கிறார். ஆறு வருஷம் குடித்தது போதும் மாமா. வெள்ளிக்கிழமை பூமாலையோடு உங்களைத் தரிசிக்க வருகிறார். அன்றும் வாயைத் திறக்கவில்லையென்றால் சிகிச்சைக்கான ஆஸ்பத்திரிப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். பிள்ளை ஆசை எனக்கும் உண்டு. அதற்காக இந்தப் பேச்சை இனியும் கேட்க முடியாது.

கலா

மேல் எஸ்டேட், 28.9.2024

கலா,

சொல்லிவிட்டேன். ஓடைச் சத்தத்தில் ஆத்தாவுக்குக் கேட்கவில்லை. மூன்றாவது தடவை, "கொறை என்கிட்டத்தேன் ஆத்தா, கலாகிட்ட ஒண்ணுமில்ல!" என்று கத்தினேன். களை வெட்டுகிற அத்தனை பேருக்கும் கேட்டுவிட்டது. முனீஸ்வரி தன் எலுமிச்சம்பழத்தைத் திருப்பிக் கேட்கிறாள். ஆத்தா மாலையைக் கரையில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டது.

இன்று அதே ஜீப்பில் எனக்கு இரண்டு லிட்டர் கேன் வந்தது. கஷாயம். ஒரு டம்ளர் குடித்தேன். அடி ஆத்தி, இதையா ஆறு வருஷம் குடித்தாய்? என்னை மன்னித்துவிடு.

பாண்டியராஜ்

போடி, 30.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். அத்தை என் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு எனக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டார். இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். டிசம்பரில் ஆஸ்பத்திரிக்குத் தானும் வருவாராம்.

டாக்டரம்மாவிடம் கேட்டேன். உங்களுக்குக் கஷாயம் தேவையே இல்லையாம். ஆனால் அந்தக் கேன் காலியான பிறகுதான் இந்தக் கடிதத்தை உங்களிடம் தர வேண்டும் என்று தங்கபாண்டி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கலா