வெட்டாத பக்கங்கள்

என்னங்க,

கிருஷ்ணம்மா அக்காவுக்கும் காய்ச்சல் கண்டிருக்கிறதாம். பல்லேபொலைக்குப் போகிறேன், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். சோறும் பலாக்கொட்டைக் கறியும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சாப்பிட்டு மறுபடி கடைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ஜுனைதாவிடம் கொடுங்கள்.

நீங்கள் படிக்கச் சொன்ன அந்தப் பழைய நாவலில் பாதி வந்துவிட்டேன். ஆரம்பத்தில் கதாநாயகனை எனக்குப் பிடிக்கவே இல்லை. தம்பி செத்த மறுநாளே ஏர் பூட்டிப் போகிறானே, கல்நெஞ்சன் என்று நினைத்தேன். போகப் போகத்தான், வீட்டில் இருக்க முடியாமல் ஓடுகிறான் என்று புரிந்தது.

நேற்று அவனுடைய மகள் காய்ச்சலில் படுக்கும் இடம் வந்தது. அதற்குமேல் தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே, ஓரம் வெட்டாமல் ஒட்டியே இருக்கின்றன. "முழுசும் படிச்சிட்டேன், முடிவு நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னீர்களே! நீங்களும் அங்கேயே நின்றுவிட்டீர்கள்.

காய்ச்சலில் போன நம் மகள் ரத்தினத்தைப் புதைத்த மூன்றாம் நாள் நீங்கள் கடையைத் திறக்கக் கிளம்பினீர்கள். "உங்களுக்கு நெஞ்சே கெடையாதாங்க?" என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு போனீர்கள். அந்த முகம்தான் இப்போது கண்ணில் நிற்கிறது.

கத்தியைப் புத்தகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறேன். மிச்சத்தை நான் வந்தபிறகு சேர்ந்து வெட்டலாம்.

மங்களேஸ்வரி

பி.கு.: ஏலக்காய் கொண்டுவரும் சிவசாமி வந்தால் நாளைக்கு வரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நான் வருவதற்குள் அழவேண்டும் போலிருந்தால் வீட்டிலேயே அழுங்கள். ஜுனைதாவுக்குக் கேட்டால் கேட்கட்டும்.