ஏழாம் பெட்டி

2016 மார்ச் 3
பள்ளிக்கூடம் கட்டப்போகும் இடத்தில் துளை போடும் போரிங் அண்ணனிடம் இன்று கத்திவிட்டேன். பெட்டி எண்களெல்லாம் மழையில் அழிந்து கிடந்தன. "சாக்பீஸ்ல எழுதினா மழைக்கு நிக்குமா?" குழாயில் வரும் பாறைத்துண்டுகளை மேல்-கீழ் மாறாமல் அவர் பெட்டியில் அடுக்குவார். எத்தனை அடியில் என்ன பாறை என்று நான் எழுதுவேன். கடைசியான ஏழாம் பெட்டியில் மேலே களிப்பாறை, அடியில் கூழாங்கல் திரள்பாறை, மணற்பாறை. கெட்டி. முப்பது அடியில் தூணை நிறுத்தலாம்.

மார்ச் 5
அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயிற்று. என் மகள் சேரப்போகும் பள்ளிக்கூடம் அது. "உன் பொண்ணு பாஸாகறாளோ இல்லையோ, கட்டடம் பாஸாயிடுச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

மார்ச் 9
போரிங் அண்ணன் வீடு தேடி வந்து வாசலிலேயே நின்றார்.
"மேடம், மழைக்கு ஓடுற அவசரத்துல ஏழாம் பெட்டிய தலைகீழா அடுக்கிட்டேன்னு தோணுது. நாலு நாளா சோறு எறங்கல."
பெட்டிகள் இருக்கும் கொட்டகைக்கு ஓடினேன். பெரிய கூழாங்கல் மேலே, பொடி மணல் கீழே. ஆறு பெரிய கல்லைத்தானே முதலில் போடும், அதன் மேல்தானே மணல்? முதல் வருடப் பாடம்! கல் சொல்லியிருக்கிறது. நான்தான் — கோபத்தில் பார்க்கவே இல்லை. அட மண்டு.
அப்படியானால் அடியில் இருப்பது களிப்பாறை. ஒரு துண்டைத் தம்ளர் தண்ணீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சேறு. இதன் மேலா பிள்ளைகளை உட்கார வைக்கப் பார்த்தேன்?

மார்ச் 10
தலைமைப் பொறியாளரிடம் "தப்பு என்னோடது" என்றேன். கூட வந்த அண்ணன், "இல்ல சார், பெட்டி என்னோடது" என்றார்.
"யாரோடதா வேணா இருக்கட்டும். மறுபடி துளை போடுங்க."

மார்ச் 14
களிப்பாறை நாற்பத்தெட்டு அடி வரை. அதன் கீழே நல்ல மணற்பாறை. தூண்கள் ஐம்பது அடிக்கு இறங்கும்.
அந்த மனிதர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குத் தெரியும்? டீ வாங்கிக் கொடுத்தேன். பெட்டிகளில் இப்போது பெயிண்டில் அம்புக்குறி.

2018 ஜூலை 21
மூன்று நாளாக விடாத மழை. மகள் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை எறிந்தாள்.
"என்னடி நடந்துச்சு இன்னிக்கு?"
"ஒண்ணுமே நடக்கலம்மா. சும்மா உக்காந்திருந்தோம்."
போரிங் அண்ணனுக்கு ஃபோன் போட்டு அதை அப்படியே சொன்னேன். "வெச்சிடாதீங்க மேடம். என் வீட்டுக்காரிய கூப்பிடறேன், அவகிட்டயும் சொல்லுங்க" என்றார்.