மாவு போட்ட துப்பாக்கி

மிசௌரி,
செப்டம்பர் 1863

அன்புள்ள டார்காஸ் அக்காவுக்கு,

பெர்மீலியா எழுதுகிறேன். நானும் குழந்தையும் உயிரோடு இருக்கிறோம். இல்லினாய் காற்று உன் இருமலுக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே சோளம் நன்றாக முற்றி நிற்கிறது. அறுக்கத்தான் ஆளில்லை.

ஆனால் வீடு நிறைய ஆட்கள். தெற்குக்காகச் சண்டை போடுகிறோம் என்று காட்டில் திரியும் ஸ்ட்ரவுட்டின் கூட்டம் இங்கே தங்கியிருக்கிறது. அப்பாவின் களஞ்சியத்தை வடக்குப் படை கொளுத்திய பிறகு நம் தம்பி ஏசா அவர்களோடு சேர்ந்துவிட்டான். என் ஹைராமோ அதே வடக்குப் படையில், பக்கத்து ஆற்றுத்துறையில் ரோந்து போகிறார். ஸ்ட்ரவுட்டுக்கு இது தெரியும். தெரிந்துதான் என் வீட்டுக்கு வந்தான்.

ஆளுக்கு நாலு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். குதிரைமேல் இருந்தபடி நிரப்ப முடியாது. சுட்டுத் தீர்ந்ததெல்லாம் என் சமையல் மேசைக்கு வருகிறது. துப்பாக்கியின் சுழல் உருளையில் இருக்கும் ஒவ்வொரு குழியிலும் கருமருந்து கொட்டி, மேலே கொஞ்சம் சோளமாவு போட்டு, ஈயக்குண்டை வைத்து அழுத்த வேண்டும். குண்டு இறுகும்போது மெல்லிய ஈய வளையம் ஒன்று சீவி விழும். குழந்தை அதைப் பொறுக்கி மோதிரம் என்று மாட்டிக்கொள்கிறாள். நெருப்பு ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குத் தாவாதிருக்கக் கொழுப்பு பூசி, கடைசியில் பின்பக்கக் காம்பில், அடித்தால் பொறி பறந்து மருந்தைப் பற்றவைக்கும் செப்புக் கேப்பு மாட்ட வேண்டும்.

அக்கா, நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்ட்ரவுட்டின் துப்பாக்கிகளில் மருந்தே போடாமல் வெறும் மாவை அடைத்துக் குண்டை இறுக்கினேன். வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

மறுநாள் கிளம்பும்முன் அவன் வேலிக்கம்பத்தைப் பார்த்துச் சுட்டான். கேப்பு மட்டும் டப்பென்றது. கேப்பு மாட்டும் காம்பைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் கம்பியால் குத்தினான். மஞ்சள் மாவு அவன் உள்ளங்கையில் கொட்டியது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

அவன் கோபப்படவில்லை. சிரித்தான். “என்ன தங்கச்சி, துப்பாக்கியில ரொட்டி சுடப் போறியா?” என்றான். பிறகு ஏசாவைக் கூப்பிட்டான். “இனிமே உங்க அக்கா நிரப்புறது எல்லாம் உனக்குத்தான்டா. ஆத்துத்துறைல முதல் ஆளா நீதான் போற.” என் பக்கம் திரும்பி, “இப்ப உன் இஷ்டம் போல நிரப்பு” என்றான்.

நிரப்பினேன். மருந்து ஒரு பொட்டுகூடக் குறையாமல், கேப்பு ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒழுங்காக நிரப்பினேன். ஏசா என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். துப்பாக்கிகளை மேசைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் கேட்கிற சாக்கில் கிட்டே வந்து சொன்னான்: “அத்தானைப் பார்த்தேன்க்கா. கிட்டத்துலதான். துப்பாக்கியை மேல தூக்கிச் சுட்டுட்டேன். அவரு புதருக்குள்ள ஓடிட்டாரு. குறி தப்பிடுச்சுன்னு தலைவர்கிட்ட சொன்னேன்.” தண்ணீரைக் குடித்துவிட்டு, “தலைவர் நம்பலை. அடுத்த தடவை என் பின்னாலேயே வர்றாராம்” என்றான்.

துறையில் இறந்த ரோந்துக்காரர்களில் எஃப்ரெய்ம் கோட்ஸும் ஒருவர். என் கல்யாணத்தில் பிடில் வாசித்தவர். எந்தத் துப்பாக்கியின் குண்டு என்று நான் கேட்கவில்லை. எல்லாம் என் மேசையிலிருந்து போனவைதானே.

இதை மாவு மில்காரரின் மனைவி வெண்ணெய்ச் சட்டிக்கடியில் ஒளித்துக்கொண்டு போய்த் தபாலில் சேர்ப்பாள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஹைராமுக்கு நீயே எழுது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, சோளம் நன்றாக விளைந்திருக்கிறது என்று எழுது. வேறு எந்த ஊருக்காவது மாற்றல் கேட்கச் சொல். உண்மை தெரிந்தால் நேரே இங்கே வந்து மாட்டிக்கொள்வார். காரணம் கேட்டால், பெர்மீலியாவுக்கு இனி உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிடு. ரோஷக்காரர், போய்விடுவார்.

கடவுள் உன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். ஏசாவுக்காகவும் ஜெபம் செய். முற்றத்தில் குதிரைகளுக்குச் சேணம் கட்டுகிறார்கள். கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் தங்கை,
பெர்மீலியா