மாமல்லபுரத்தில் நான் பார்த்த கார்த்திகைப்பூ

செங்கல்பட்டு,
24-11-74

சிரஞ்சீவி சீனுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் மழைக்கு ஒழுகும் சமையலறை மூலையும் சௌக்கியம், நீயும் அந்த ஜெர்மனிக் குளிரும் ஒருவழியாக ஒத்துப்போய்விட்டீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். கார்த்திகைக்கு வர முடியவில்லை, லீவை மாற்றிவிட்டார்கள், கோடையில் பார்க்கலாம் என்று நீ எழுதியது கிடைத்தது. வருத்தமில்லை என்று எழுதினால் பொய். உனக்கென்று தைத்து வைத்த தலையணையைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டேன். இன்னொரு சமாசாரம், எனக்கு மூடி மறைக்க வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது கண்ணில் புரை முற்றிவிட்டதாம், வலதிலும் ஆரம்பித்துவிட்டதாம், தை பிறந்ததும் ஆபரேஷன் என்று பட்டணத்துக் கண் டாக்டர் சொல்லிவிட்டார். பயப்பட ஒன்றுமில்லையாம், ஆனால் இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரு பக்கமும் மணல்மூட்டை வைத்து, அசையாமல் படுக்கப் போடுவார்களாம், கூடவே யாராவது இருக்க வேண்டுமாம். உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இருக்கிறார்கள் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், முதலில் எங்கள் சங்கத்துக் கூத்தைக் கேள்.

நாட்டுப்பூச் சங்கத்தில் சேர்ந்தேன் என்று எழுதியதற்கு, காட்டில் கிடக்கிற பூவுக்கு ஒரு சங்கமா என்று கேலி செய்திருந்தாய். கேலி செய்துகொள். உன் அப்பா போன பிறகு வாரத்தில் ஆறு நாள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, ஊரில் உள்ள அம்மாக்களையும் பிள்ளைகளையும் ட்ரங்க் கால் போட்டுப் பேச வைத்துவிட்டு, ஏழாம் நாள் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றை எதற்குத்தான் வைத்தார்களோ. காலேஜில் பாட்டனி சொல்லிக்கொடுக்கும் தேவசகாயம்தான் சங்கத்துக்குக் காரியதரிசி. நல்ல மனுஷர், ஆனால் கறார். வீட்டில் குரோட்டன்ஸ் மாதிரிச் சீமைச் செடி வைத்திருப்பவர்களுக்குச் சங்கத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார், நம் பக்கத்து வீட்டு ராபியா தொட்டி தொட்டியாக வைத்திருந்த குரோட்டன்ஸை எல்லாம் அவள் வீட்டுக்காரர் மைதீனின் குடைக்கடை வாசலுக்கு அனுப்பிவிட்டுச் சேர்ந்தாள். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் எங்களுக்கு வேலை ஆரம்பம். ஏரிக்கரை, வல்லம் மலைச்சரிவு, திருக்கழுக்குன்றம் போகிற சாலையோரம் என்று வாரம் ஓர் இடம். நிலப்பனை, விஷ்ணுகிரந்தி, சங்குப்பூ என்று எது எங்கே பூத்திருக்கிறது என்று பார்த்து வைப்போம், ஒன்றையும் பறிக்கக்கூடாது, காய் முற்றிய பிறகு போய் விதை எடுத்துக் காயவைத்துக் கேட்கிறவர்களுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுப்போம். தீபத்துக்கு முன்னால் வாசகசாலையில் ஒரு கண்காட்சியும் உண்டு. உனக்கு என்ன தெரியப்போகிறது, தும்பைப்பூவைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் எத்தனை அழகு என்று எனக்கே இந்த வயதில்தான் தெரிந்தது.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வருஷத்தில் ஒரு பூவை முதலில் யார் பார்க்கிறார்களோ, அவர்கள் கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும், எல்லோரும் வந்து அந்தச் செடியைச் சுற்றி உட்காருவோம், பிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளர் காபியைப் பார்த்தவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் மற்றவர்கள் குடிப்போம். இந்த வருஷம் ராபியா மூன்று தடவை வாங்கிவிட்டாள், சங்கத்தில் எல்லோரும் ஒரு தடவையாவது வாங்கியாயிற்று, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. தரையோடு கிடக்கும் சின்னப் பூ எதுவும் என் கண்ணில் படுவதில்லை. புரை என்று அப்போது தெரியாது, எனக்குப் பொறுமை போதவில்லை என்று நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் போனோம். பஸ்ஸில் இறங்கியதும் ராபியா, சீனு தம்பியும் வரும்னு சொன்னியேக்கா, அதுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டுக்கினு வந்துட்டனே என்றாள். நீ வருவதாக நான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன், வராததைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. லீவு இல்லையாம் என்றேன். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே சவுக்குத்தோப்பைத் தாண்டி மணல்மேட்டில் நடந்தோம், அடப்பங்கொடி கடல் வரைக்கும் படர்ந்து பூத்துக்கிடந்தது. தேவசகாயம், கடற்கரைப் பக்கம் கார்த்திகைப்பூ இந்த வருஷம் ஒன்றுகூடத் தென்படவில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதுதான் தாழம்புதர் ஒன்றின் மேல் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளுமாக, காற்றில் ஆடிக்கொண்டு, சாட்சாத் கார்த்திகைப்பூ. எனக்கு வந்த சந்தோஷத்தில் சின்னப்பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தூக்கிக் கத்திவிட்டேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். தேவசகாயம் குனிந்து புதரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மெதுவாக மணலில் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள். ராபியா பிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளரை என் கையில் கொடுத்தாள். நானும் பெருமையாகப் பாதி குடித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் மீனவர் குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். இன்னாமா எல்லாரும் குந்திகினு கீறீங்க என்றாள். நான்தான் முந்திக்கொண்டு, பூ பார்க்கிறோம் என்று கையைக் காட்டினேன். அவளுக்கு வந்ததே சிரிப்பு. ஐய, அது எங்க வூட்டுக்காரு வலை வெச்ச எடத்துக்கு அடையாளமா கட்டினு போன துணிமா, அதப் போயி பூவுன்றியே, கண்ணு தெரியலியா உனக்கு என்று சொல்லிவிட்டு, புதருக்குள் கையை விட்டு வலையை இழுத்து, துணியை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். சீனு, அவள் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. கேட்டாள், போனாள். மற்றவர்கள் எல்லோருக்கும் வந்து பார்த்தவுடனே அது துணி என்று தெரிந்திருக்கிறது, தெரிந்தும் எனக்கு அந்தக் காபியைக் கொடுத்திருக்கிறார்கள், அதுதான் வலித்தது. குரோட்டன்ஸுக்கே விட்டுக்கொடுக்காத மனுஷர் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றால் என்னைப் பார்க்க எத்தனை பாவமாக இருந்திருக்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு இடம் விட்டார்கள். வெளியே வயலெல்லாம் ஒரே பச்சைக் குழம்பாகத் தெரிந்தது.

மறுநாளே ராபியா என்னைப் பட்டணத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் கண்ணைக் காட்ட வைத்தாள். கொஞ்ச நாளாக எக்ஸ்சேஞ்சிலும் போர்டில் எந்த விளக்கு எரிகிறது என்று தடவ வேண்டியிருக்கிறது, யாருக்கும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு ராபியா தானே வந்து கூட இருக்கிறேன் என்கிறாள். உனுக்கு இன்னாத்துக்குக்கா பேஜாரு, நான் வந்து படுத்துக்கறேன் என்று அதட்டுகிறாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் சொல்லமாட்டாள், ராபியா இருந்தால் எனக்கு ஒரு குறையும் வராது. நேற்று வாசகசாலையில் கண்காட்சி நடந்தது, நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அங்கே ஸ்பீக்கரில் தேவசகாயம் பேசியது இங்கே வரைக்கும் கேட்டது, ஆள் நிறைய வந்திருப்பார்கள் போல. நான் விளக்கைக்கூடப் போடாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், யாருக்காகப் போடுவது.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, போன கடிதத்தில் இருமல் என்று எழுதினாயே, அது நின்றதா என்று எழுது. தீபத்தன்று உன் பேருக்கும் ஒரு விளக்கு ஏற்றுகிறேன். தீர்க்காயுசாக, நல்ல பேரோடு இரு. இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். தையில் ஒரு பத்து நாள் வா. என் வாயால் உன்னை இதுவரை வா என்று கேட்டதில்லை, நீயாகச் சொல்வாய், நீயாகத் தள்ளிப்போடுவாய், நானும் சரி என்பேன். இந்தத் தடவை கேட்கிறேன். முடியாது என்றால் முடியாது என்றே எழுதிவிடு, நான் தாங்கிக்கொள்வேன், பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. கண்ணைக் கட்டிப் படுக்கப் போட்டிருக்கும்போது, ஆஸ்பத்திரி நடையில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நீதானோ என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடக்க என்னால் ஆகாது.

அன்புள்ள அம்மா,
பிரபாவதி